பாவசங்கீர்த்தனத்துக்குப் போறீங்களா, இதெல்லாம் பண்ணாதீங்க

தவக்காலம் வந்துட்டா நம்ம பாளையங்கோட்டை பக்கம் எந்தப் பங்குக் கோயிலுக்குப் போனாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியார்ட்ட நம்ம பாவத்த சொல்லி மன்னிப்பு வாங்குததுக்கு, வரிச நிக்கும், ஈஸ்டருக்கு முந்துன பெரிய வாரத்துல கேக்கவே வேண்டாம், பக்கத்துப் பங்குச் சாமியாருங்களும் வந்து மூலைக்கு ஒருத்தரா பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருப்பாங்க. யாரு என்ன சொன்னாங்கன்னு ஒருத்தரும் வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா பிரசங்கத்துல பொதுவா அலுத்துக்கிடுவாங்க, வாரவங்க தன் பாவத்த விட்டுட்டு அடுத்தவங்க பாவத்த சொல்லுதாங்கன்னு.

"சாமி, எம் மருமவ இருக்காளே, ஒருவாய் சோத்த மொகங்குடுத்துப் போட மாட்டா, மவனும் அவ பேச்சத்தான் கேக்கான், அதான் ரெண்டு வார்த்த வஞ்சிட்டேன்." இதுல பாவம் கடைசி ரெண்டு வார்த்த மட்டுந்தான். "மருமவள கோவத்துல வஞ்சேன், அதுலேருந்து பேசாம இருக்கேன்", இவ்வளவு போதும். மருமவ கணக்க அவ வந்து சொல்லிக்கிடுவா.

இன்னொரு கூட்டம் சின்ன வயசுல புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கும்போது மனப்பாடம் பண்ணுன லிஸ்ட்ட அப்பிடியே நாப்பது வயசுலயும் ஒப்பிக்கும். பொய் சொன்னேன், கெட்ட வார்த்த பேசுனேன், அம்மா அப்பா பேச்சு கேக்கல. அம்மா அப்பா கல்லறைக்குப் போயி வருசம் பத்து ஆயிருக்கும், இவரு தம்பிக்குச் சேர வேண்டிய வயல அமுக்கி வச்சிருப்பாரு, அது மட்டும் லிஸ்ட்டுல வராது. அப்பிடியே வந்தாலும் சொல்லிட்டோம், மன்னிப்பு கெடச்சிட்டுன்னு வயல கையில வச்சிக்கிட முடியாது, எடுத்தத திருப்பிக் குடுத்தாத்தான் கணக்கு தீரும். திருட்டுப் பணம்னா பேர வெளிய காட்டாம போய்ச் சேருத மாதிரி குடுத்தாக்கூட சரிதான், சாமியார்ட்ட கேட்டா வழி சொல்லுவாரு.

சாமியாரு நாளைக்கு நம்ம மூஞ்சில எப்பிடி முழிப்பாருன்னு பயந்து பெரிய பாவத்த மறைக்குததுதான் எல்லாத்துலயும் மோசம். மறந்துட்டா பரவாயில்ல, அடுத்த தடவ சொல்லிக்கிடலாம், அதுவும் மன்னிக்கப்பட்டதுதான். தெரிஞ்சே சாவான பாவத்த, அதாவது கனமான பெரிய பாவத்த, மறைச்சா அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. கேட்டத சாமியாரு வெளிய சொன்னா தானாவே சபைக்குப் புறம்பு ஆயிருவாரு, ரோமாபுரிதான் அத எடுத்துவிட முடியும், 1983 திருச்சபைச் சட்டத்துலயும் இருக்கு. 1393ல பிராக் நகரத்துல நெப்போமுக் ஜான்னு ஒரு சாமியார ஆத்துல தூக்கிப் போட்டாங்க, ராணியோட பாவசங்கீர்த்தனத்த ராஜாகிட்ட சொல்லாததாலதான்னு ஒரு பாரம்பரியம் உண்டு. இதுக்கு மேலயும் வெக்கமா இருந்தா வேற பங்குக்குப் போங்க, யார்ட்ட வேணும்னாலும் சொல்லலாம்னு சட்டமே இருக்கு. உவரி அந்தோணியார் கோயிலுக்கோ, ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குக் கள்ளிகுளம் மாதா கோயிலுக்கோ போகும்போது முடிச்சிட்டு வாரவங்க எத்தன பேரு.

நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை) சொந்தம் இருக்கும்லா, அவங்க கேப்பாங்க, நேரா கடவுள்கிட்ட கேட்டா பத்தாதான்னு. கேக்கலாம், தெனமும் கேக்கணும். யோவான் 20:23ல சீடர்களுக்குக் குடுத்த அதிகாரம்னு நம்ம பதில் ஒண்ணு இருக்கு, அது போக நான் சொல்லுதது என்னன்னா, மனசுக்குள்ள சொல்லும்போது நாம பூசி மெழுகுதது நமக்கே தெரியாது, எதுத்தாப்புல ஒரு மனுசன் உக்காந்திருக்கும்போது அந்தப் பூச்சு நிக்க மாட்டேங்கு. என்ன சொல்லணும்னு தெரியாம முழிக்குதது இன்னைக்கு நேத்து வந்த பிரச்சனயும் இல்ல, தூத்துக்குடி பக்கத்து முத்துக்குளித்துறையில இருந்த ஹென்றிக்கஸ் சாமியாரு பாவசங்கீர்த்தனத்துக்குன்னே தமிழ்ல ஒரு புத்தகம் எழுதி 1580ல கொச்சியில அச்சடிச்சிருக்காரு.

பாவத்துக்கு வருத்தப்பட்டு சொல்லுத மனஸ்தாப மந்திரம் மறந்துபோச்சுன்னு பத்து வருசம் போகாம இருக்கவங்களும் உண்டு, வேடிக்கையான காரணம். தெரியலன்னா சொந்த வார்த்தையில வருத்தப்பட்டா போதும், சாமியாரே எடுத்துக்குடுப்பாரு. அபராதமா குடுக்குத செபத்த பூசை முடிஞ்சு செருப்பு தேடுத அவசரத்துல விட்டுராதீங்க, எந்திரிச்ச உடனே முட்டுப்போட்டு சொல்லிருங்க.

போன்லயோ வீடியோ கால்லயோ பண்ணலாமான்னு வெளிநாட்டுல இருக்க பிள்ளைங்க கேக்குது, செல்லாது, நேர்லதான் போகணும். படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு மட்டும் பங்குல சொல்லிவிடுங்க, சாமியாரே வீட்டுக்கு வருவாரு.