ஹெட்ஃபோனுக்கு ஆம்ப் வாங்கும் முன்: வீட்டில் பாட்டு கேட்பவர்களுக்கு ஒரு செய்முறை

வட சென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு என்றால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் ராத்திரியிலும் ஓயாது. அதற்கு மேல் கேட்கும்படி ஸ்பீக்கரில் சத்தம் வைத்தால் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிடும். அப்புறம் ஹெட்ஃபோன்தான் வழி. நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கியதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இதுக்கு டேக், ஆம்ப் எல்லாம் வேணுமாமே?"

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். சிலருக்கு வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

டேக் என்பது போனிலோ கணினியிலோ எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் சிப். அந்த அலைக்கு ஹெட்ஃபோனை ஓட்டும் அளவு பலம் கொடுப்பது ஆம்ப். 3.5 மி.மீ. ஓட்டை உள்ள எந்தப் போனிலும் லேப்டாப்பிலும் இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. தனியாக வாங்குவது அவற்றைவிடப் பெரியதாக, சில சமயம் சுத்தமாக இருக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

படி 1: வயரா, ப்ளூடூத்தா?

ப்ளூடூத் ஹெட்ஃபோன் என்றால் வாசிப்பதை இங்கேயே நிறுத்தலாம். அதன் டேக்கும் ஆம்ப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன; வெளியே எதை வாங்கி வைத்தாலும் பயன் இல்லை.

படி 2: அட்டைப்பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

ஒன்று ஓம் கணக்கில் வரும் மின்தடை. இன்னொன்று டெசிபல் கணக்கில் வரும் சென்சிட்டிவிட்டி, அதாவது இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இவ்வளவு சத்தம் தரும் என்ற கணக்கு. "ஓம் அதிகம் என்றால் ஆம்ப் வேண்டும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் சென்சிட்டிவிட்டிதான். சில நிறுவனங்கள் அதை ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு டெசிபல் என்று எழுதும். சில ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று எழுதும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். மில்லிவாட் எண்ணை வோல்ட் எண்ணாக மாற்ற, 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 15 கூட்டுங்கள். 63 ஓமுக்கு 12. 250 ஓமுக்கு 6. 300 ஓமுக்கு 5. துல்லியமாக வேண்டாம், இது போதும்.

ஸ்டுடியோக்களில் பல வருடங்களாகப் புழங்கும் சோனி எம்டிஆர்-7506-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 63 ஓம், மில்லிவாட்டுக்கு 106 டெசிபல். 12 கூட்டினால் ஒரு வோல்ட்டுக்கு 118 டெசிபல். அந்த அளவில் காதே தாங்காது. எந்தப் போனும் இதை ஓட்டிவிடும். மறுபக்கம் சென்ஹைசர் எச்டி 600. 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல். இரண்டுக்கும் நடுவில் 21 டெசிபல் இடைவெளி. 10 டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன வித்தியாசம் இல்லை.

எவ்வளவு சத்தம் தேவை? வீட்டில் நிதானமாகக் கேட்பவர் சராசரியாக 70, 75 டெசிபலில் இருப்பார். கானாவில் டோலக் அடி விழும்போதோ திரையிசையில் வயலின் கூட்டம் திடீரென எழும்போதோ அதற்கு மேல் இன்னொரு 20 டெசிபல் எகிறும். எனவே உச்சத்தில் 100 டெசிபலைத் தொட முடிந்தால் வீட்டுக்கு நிறைவு. அந்த உச்சியில் நொடி நேரம் இருப்பது வேறு, அங்கேயே உட்காருவது வேறு. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

வோல்ட் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும். ஆக எச்டி 600-க்கு 2 வோல்ட் கிடைத்தால் 103 டெசிபல். "300 ஓம், பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடவே ஓடாது" என்று பயமுறுத்துபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

படி 3: கையில் இருப்பதைச் சோதியுங்கள்

செலவில்லாத படி, ஆனால் பலர் தாண்டிப் போய்விடுவது இதைத்தான். தெரு கொஞ்சம் அடங்கிய நேரத்தில் உட்காருங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மெதுவாகத் தொடங்கிப் பெரிதாக எழும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். வால்யூம் முக்கால் பங்கைத் தாண்டும் முன்பே போதும் என்று தோன்றினால் உங்களுக்கு ஆம்ப் தேவையில்லை. முழுதாக ஏற்றியும் பற்றவில்லை என்றாலோ, பெரிய அடிகள் மட்டும் கரகரவென்று உடைந்தாலோ, தேவை. பாட்டு இல்லாத இடைவெளியில் உஸ் என்று இரைச்சல் கேட்டால் வேண்டியது பலம் இல்லை, சுத்தம். அதற்கு டாங்கிள் என்னும் சின்ன டேக்-ஆம்ப்பே போதும் (படி 5-இல் வரும்).

பாட்டையும் சந்தேகப்படுங்கள். யாரோ கேசட்டிலிருந்து ஏற்றிய எழுபதுகளின் பாட்டு எந்தப் பெட்டி வழியாக வந்தாலும் கேசட்டாகத்தான் கேட்கும். அதே பாட்டின் நல்ல பதிப்பைத் தேடிப் பிடிப்பது பல நேரங்களில் பத்தாயிரம் ரூபாய் ஆம்ப்பைவிடப் பெரிய மாற்றம் தரும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்னும் சிடி தரம் வீட்டுக்குத் தாராளம். சிடியைவிட உயர்ந்த தரம் என்று சொல்லும் தங்க நிற ஹை-ரெஸ் ஸ்டிக்கர் பெட்டியில் இருக்கிறதே என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன்.

படி 4: லாரிச் சத்தத்துக்கு ஆம்ப் மருந்தில்லை

"பேஸ் பத்தலை, ஆம்ப் வாங்கணும்" என்பவர்கள் பலருக்கும் உண்மையான சிக்கல் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. லாரி இன்ஜினின் கனத்த ஒலி, பாட்டின் பேஸ் இருக்கும் அதே தாழ்ந்த சுருதியில் வந்து அதை மூடிவிடும். ஆம்ப் வைத்து ஏற்றினால் காதுதான் கெடும். நெடுஞ்சாலையோரமோ மணலி சாலையோரமோ குடியிருப்பவர் காதை முழுதாக மூடும் க்ளோஸ்டு-பேக் வகையை வாங்குவது நல்லது. பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் வகை (எச்டி 600 அந்த ரகம்) வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. கொளத்தூர், பெரம்பூரில் உள்தெருவில் அமைதியான அறை இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

படி 5: முதலில் டாங்கிள்

சோதனையில் தேறவில்லையா, அல்லது போனில் ஓட்டையே இல்லையா? டைப்-சி டாங்கிளில் தொடங்குங்கள். கட்டைவிரல் அளவில் டேக்கும் ஆம்ப்பும் சேர்ந்து இருக்கும். ஆப்பிளின் டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது; ஏறக்குறைய 1 வோல்ட் தரும், ஒலி சுத்தமானது. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். டைப்-சி ஓட்டை உள்ள ஐபோன் அல்லது லேப்டாப் வைத்திருப்பவர்கள் வாங்கலாம், ஆண்ட்ராய்டுக்காரர்கள் சொந்தப் போனில் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடிந்தால் 2 வோல்ட் தரும் டாங்கிள்கள் இருக்கின்றன. படி 2-இன் கணக்குப்படி, வீட்டில் கேட்கும் ஹெட்ஃபோன்களில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும்.

இருநூறு ரூபாய்க்குத் தொங்கும் டைப்-சி கன்வெர்ட்டர்களில் கவனம். சிலவற்றில் சிப்பே கிடையாது, வெறும் வயர்தான். போனுக்குள்ளிருந்தே அந்த வழியாக ஒலி வந்தால்தான் வேலை செய்யும். பல போன்களில் வராது. கடையில் "டேக் சிப் இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள்.

படி 6: மேஜை ஆம்ப் யாருக்கு?

டாங்கிளிலும் சத்தம் பற்றாதவர்களுக்கு. இல்லையென்றால் ஒரு நல்ல வால்யூம் குமிழுக்கு ஆசைப்படுபவர்களுக்கு. அதுவும் நியாயமான ஆசைதான். டேக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருந்து, யுஎஸ்பி-யிலேயே மின்சாரம் எடுக்கும் வகையை வாங்குங்கள். லோ, ஹை என்று கெயின் ஸ்விட்ச், அதாவது ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை மாற்றும் ஸ்விட்ச், இருக்கட்டும். ஆம்ப்பின் அவுட்புட் மின்தடை எத்தனை ஓம் என்று விவரப் பக்கத்தில் பாருங்கள்: ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 32 ஓம் ஹெட்ஃபோன் என்றால் 4 ஓமுக்குள். கூடினால் சில ஹெட்ஃபோன்களில் பேஸ் ஊதிப்போய்க் கேட்கும்.

விலை ஏற ஏறச் சத்தம் இனிக்கும் என்று நம்ப வேண்டாம். 2011-இல் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஹெட்ஃபோன் ஆம்ப்பின் வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். மலிவான 4556 ஐசியை வைத்து, அளவீட்டில் விலையுயர்ந்த பெட்டிகளோடு போட்டி போட்டது அது. சால்டரிங் தெரிந்தவர்கள் இன்றும் அதைக் கட்டிப் பார்க்கலாம்.

சால்டரிங் என்றதும் ஞாபகம் வருவது நம் வீடுகளில் கிடக்கும் 4440 ஐசி அசெம்பிள்டு ஆம்ப். அதன் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனைச் சொருகாதீர்கள். ஐசியின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் பிரிட்ஜ் முறையில் கட்டியிருந்தால் இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கும். ஹெட்ஃபோன் ஜாக்கில் இரண்டு காதுக்கும் பொதுவாக இருக்கும் கிரவுண்டு அதை ஷார்ட் ஆக்கி ஐசியைக் கொளுத்திவிடும். ஹெட்ஃபோனும் தப்பாது.

படி 7: 'ம்ம்ம்' என்று வந்தால்

பெட்டியை இணைத்ததும் அடியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி எர்த் பக்கம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று ஓட்டை பிளக்பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முனகலை நிறுத்துவதற்காக மூன்றாவது பின்னை உடைக்கும் வேலை மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

படி 8: கடையில்

நீல வழி மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். சொந்த ஹெட்ஃபோன், சொந்தப் போன், நன்றாகப் பழகிய மூன்று பாட்டு, இவற்றோடு போங்கள். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துபோகும். பில், வாரண்டி இரண்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் கடலோரமாகக் குடியிருப்பவர்கள் அதே தெருவில் ஒரு டப்பா கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயும் எடுத்துவிடலாம். உப்புக்காற்றில் ஜாக் கறுத்து ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால், ஒரு சின்ன ஸ்ப்ரே அடித்து, பத்து முறை சொருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.