விரலை எடுக்கவும் பழகுவோம்: ஈஃபுட்பால் கைப்பேசி விளையாட்டைத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கோனாமி நிறுவனத்தின் ஈஃபுட்பால் விளையாட்டைக் கைப்பேசியில் நிறுவிய அன்றே இணையத்தில் முகம் தெரியாத ஒருவருடன் மோதி, 5-0 என்று தோற்றுவிட்டு, நம்மிடம் நல்ல வீரர்கள் இல்லாததுதான் குறை என்று முடிவு கட்டுவோர் பலர். நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன். வாங்கிய கோல்களின் மறுகாட்சியைத் தாண்டிச் செல்லாமல் பார்க்கத் தொடங்கிய பிறகே, என் தற்காப்பு வீரரை நானே இடத்தைவிட்டு இழுத்துச் சென்றதால்தான் அவற்றுள் பெரும்பாலானவை விழுந்தன என்பது புரிந்தது. பொத்தான்களை எப்போது அழுத்துவது என்பதை விளையாட்டின் பயிற்சிப் பகுதியிலேயே கற்றுக்கொள்ளலாம். எப்போது விரலை எடுப்பது என்பதைத்தான் நாமாகப் பழக வேண்டியிருக்கிறது. ஆகவே இவ்விளக்கத்தில் அதற்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

1995இல் வின்னிங் லெவன் என்ற பெயரில் தொடங்கி, பிற்பாடு புரோ எவல்யூஷன் சாக்கர், சுருக்கமாகப் பெஸ், என்று உலகெங்கும் அறியப்பட்ட வரிசைதான் 2021இல் ஈஃபுட்பால் எனப் பெயர் மாறியது. கைப்பேசிப் பதிப்பு 2022 ஜூன் மாதத்தில் புதிய வடிவத்துக்கு மாறியது. பெஸ் ஆடிப் பழகிய கை இருந்தாலும், தற்காப்பைப் பொறுத்தவரை தொடக்கத்திலிருந்தே பழகுவது நல்லது.

படி 1: கட்டுப்பாட்டு முறையைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, திரையைத் தட்டினால் பாஸ், சுண்டினால் ஷாட் என்று இயங்கும் தொடுமுறை. மற்றொன்று, இடக்கைக்கு ஒரு வட்டக் கட்டுப்பாடும் வலக்கைக்குப் பொத்தான்களும் தரும் கிளாசிக் முறை. தொடுமுறையை ஒரே நாளில் பழகிவிடலாம். ஆனால் பந்தின் வேகத்தையும் திசையையும் தனித்தனியே கையாளும் நுணுக்கம் கிளாசிக் முறையில்தான் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது என் அனுபவம். இந்த விளக்கம் முழுவதும் கிளாசிக் முறையை வைத்தே எழுதப்பட்டுள்ளது.

கையில் பிடிக்கும் கன்சோல் கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானின் விளிம்பை விரல் உணர்ந்துகொள்ளும். கண்ணாடித் திரையில் அந்த உணர்வு கிடையாது என்பதால், ஆட்டத்தின் வேகத்தில் கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக இடம் நகர்ந்து, பாஸ் என்று நினைத்து வேறொன்றைத் தொட்டுவிடும். கைப்பேசியை எப்போதும் ஒரே விதமாகப் பிடிப்பதும், கனமான உறையைக் கழற்றிவிடுவதும், ஈரக் கையைத் துடைத்துக்கொள்வதும் அற்பமாகத் தோன்றினாலும் பலன் தரும். பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் ஆட்டம் திக்கித் திக்கி நகரக்கூடும் என்பதால் அதையும் அணைத்துவிடுங்கள். கேமராவைச் சற்றே உயரத்திலும் தொலைவிலும் வைத்துக்கொண்டால், பந்து வைத்திருப்பவரோடு அவருக்கு முன்னால் ஓடுபவர்களும் கண்ணில் படுவார்கள்.

படி 2: பாஸ்

பாஸ் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகத்தில் பந்து செல்லும். வட்டக் கட்டுப்பாடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதுவே திசை. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் திசையில்தான். பந்து வந்து சேர்ந்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடாமல், பந்து வந்துகொண்டிருக்கும்போதே அடுத்தவரைத் தீர்மானித்து, கட்டுப்பாட்டை அந்தப் பக்கம் சாய்த்துவிட வேண்டும்.

வீரரின் உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் விளையாட்டு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முதுகுப் பக்கம் நிற்பவருக்கு அவசரமாகக் கொடுக்கும் பந்தும், வலக்கால்காரர் இடக்காலால் தட்டும் பந்தும் குறி தவறுவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு வீரருக்கும் பழக்கமில்லாத காலின் துல்லியம் எவ்வளவு என்பது அவருடைய விவரப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும். உங்கள் முன்கள வீரர்களுக்கு மட்டுமாவது அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

த்ரூ பாஸ் என்பது ஆளுக்குக் கொடுக்கும் பந்து அல்ல, அவர் ஓடிச் சேரவேண்டிய வெற்றிடத்துக்குக் கொடுக்கும் பந்து. எதிரணித் தற்காப்பு வரிசையை நம் வீரர் தாண்டிய பிறகு கொடுத்தால் ஆஃப்சைடு கொடி உயரும். அவர் ஓட்டத்தைத் தொடங்கி, இன்னும் வரிசைக்கு இப்பால் இருக்கும் அந்த அரை நொடியில் பந்து காலைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். உயரப் பந்து, குறுக்குப் பந்து போன்றவற்றின் விரலசைவுகளைக் கட்டளைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் அவை இல்லாமலேயே ஆடிவிட முடியும்.

படி 3: டேஷ் பொத்தானிலிருந்து விரலை எடுத்தல்

வேகமாக ஓடவைக்கும் டேஷ் பொத்தானை ஆட்டம் முழுவதும் அழுத்திக்கொண்டே இருப்பது தொடக்க நிலையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். முழு வேகத்தில் ஓடும் வீரர் ஒவ்வொரு முறையும் பந்தைக் காலிலிருந்து தூரமாகத் தட்டிவிட்டுத்தான் துரத்துகிறார் என்பதால், அந்த இடைவெளியில் எதிராளி காலை நீட்டினாலே போதும், பந்து போய்விடும். அத்துடன் திரும்பும் வட்டம் பெரிதாகிறது, பாஸின் துல்லியம் குறைகிறது, இரண்டாம் பாதியில் களைப்பும் சேர்ந்துகொள்கிறது. முன்னால் வெற்றிடம் இருந்தால் மட்டும் டேஷ். எதிராளி நெருங்கிய கணத்தில் விரலை எடுத்து, திசையை மாற்றி, மறுபடியும் டேஷ். இந்த ஒன்றை மட்டும் சரியான நேரத்தில் செய்யத் தெரிந்தால் வித்தை காட்டும் அசைவுகள் ஏதும் தெரியாமலே பலரைத் தாண்டலாம்.

படி 4: ஷாட்

ஷாட் பொத்தானை அதிகம் அழுத்தினால் பந்து கோல்கம்பத்துக்கு மேலே பறக்கும். பெனால்டி பகுதிக்குள் லேசான அழுத்தமே போதுமானது. கோல்கீப்பர் எந்தக் கம்பத்தை ஒட்டி நிற்கிறாரோ அதற்கு எதிர்க் கம்பத்தைக் குறிவையுங்கள்.

படி 5: தற்காப்பு

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். நம் கட்டுப்பாட்டில் உள்ள வீரரின் தலைக்கு மேல் தெரியும் அடையாளத்தைக் கர்சர் என்கிறோம். பந்தை இழந்ததும் புதியவர் செய்வது இது: பந்துக்கு அருகில் இருப்பவர் மீது கர்சரைக் கொண்டுவந்து, பிரஷர் பொத்தானை அழுத்தியபடி பந்து வைத்திருப்பவர் மீது பாய்வது. அப்படிப் பாய்ந்தவர் நடுத் தற்காப்பு வீரராக இருந்துவிட்டால், கோலுக்கு நேர் எதிரே இருவர் நின்ற இடத்தில் ஒருவர்தான் மிஞ்சுவார். எதிராளி அந்த ஓட்டைக்குள் ஒரு த்ரூ பாஸ் கொடுத்தால் அடுத்து கோல்கீப்பர் மட்டுமே.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது, கர்சரை நடுக்கள வீரரிடம் வைத்துக்கொள்வது. குறிப்பாக, தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் தற்காப்பு நடுக்கள வீரரை, சுருக்கமாக டிஎம்எஃப் வீரரை, நீங்கள் இயக்குங்கள். நடுத் தற்காப்பு வீரர்கள் இருவரையும் கணினியின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். கணினி அவர்களை ஓரளவு ஒழுங்காகவே நிறுத்தி வைக்கும், நம் அவசரம் அதற்கு இல்லை. டிஎம்எஃப் வீரரையும் பந்தை நோக்கி ஓட்டக் கூடாது. பந்துக்கும் நம் கோலுக்கும் நடுவில், எதிராளி அடுத்துக் கொடுக்க நினைக்கும் பாஸின் பாதையில் நிறுத்த வேண்டும்.

எதிராளியின் முன்னால் நேருக்கு நேர் நின்று அவரோடு நகர்வதற்கு மேட்ச்-அப் என்ற கட்டளை உள்ளது. பிரஷர் பந்தைப் பறிக்கப் பாய்கிறது. மேட்ச்-அப் வழியை அடைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எதிராளி பந்தைச் சற்று நீளமாகத் தட்டும்வரை மேட்ச்-அப்பில் பின்வாங்கிக்கொண்டே வந்து, தட்டிய கணத்தில் பிரஷரைத் தொடுவதுதான் பந்தைப் பறிக்கும் முறை. சறுக்கித் தடுப்பது கடைசி ஆயுதம்; பெனால்டி பகுதிக்குள் அதை மறந்துவிடுவதே பாதுகாப்பு.

விரலை ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பது கோழைத்தனம்போலத் தோன்றும். ஆனால் எதிரே ஆடுபவரும் நம்மைப் போன்றவர்தான், வழி அடைபட்டுக் கிடந்தால் நான்கைந்து நொடிகளில் பொறுமையிழந்து அவரே பந்தைத் தவறான இடத்துக்குக் கொடுத்துவிடுவார்.

படி 6: அணியும் வியூகமும்

அணிக்கு ஐந்து ஆட்டப் பாணிகள் உள்ளன. பந்தைத் தங்களுக்குள் சுற்றவிடும் பொசெஷன் கேம், பறித்தவுடன் வேகமாக முன்னேறும் குவிக் கவுண்டர், பின்னால் திரண்டு காத்திருந்து நீளப் பந்தால் தாக்கும் லாங் பால் கவுண்டர், ஓரங்கள் வழியே செல்லும் அவுட் வைட், நேராக முன்களத்துக்கே அனுப்பும் லாங் பால் என்பவை அவை. ஒவ்வொரு மேனேஜருக்கும் இவற்றில் எதில் எவ்வளவு தேர்ச்சி என்பது எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும், ஆகவே மேனேஜருக்கு வராத பாணியை அணியின் மேல் சுமத்துவதில் பயனில்லை. பலருக்கும் பிடித்த குவிக் கவுண்டரில் வீரர்கள் முன்னேறி வந்து நெருக்குவதால் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. அதைச் சமாளிக்கும் கை வரும்வரை, கணினியோடு ஆடும்போது பொசெஷன் கேமும் மனிதரோடு ஆடும்போது லாங் பால் கவுண்டரும் ஏற்றவை.

வியூகம் 4-3-3 ஆக, அதாவது தற்காப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்களத்தில் மூவர் என்று, இருக்கட்டும். நடுவில் உள்ள மூவரில் ஒருவர் டிஎம்எஃப். அந்த இடத்துக்கு ஆங்கர் மேன் என்ற தனிப் பாணி கொண்ட வீரர் கிடைத்தால் விடாதீர்கள், அவர் முன்னேறி ஓடாமல் தற்காப்பு வரிசைக்கு முன்னாலேயே நிற்பார். மாறாக, எக்ஸ்ட்ரா ஃப்ரன்ட்மேன் என்ற பாணி கொண்ட நடுத் தற்காப்பு வீரர் தாக்குதலில் கலந்துகொள்ள முன்னே போய்விடுவார் என்பதால் தொடக்க நிலையில் அவர் வேண்டாம். தனிப் பாணி ஒவ்வொன்றும் அதற்குரிய இடங்களில் மட்டுமே இயங்கும். மொத்த மதிப்பெண் உயர்ந்திருக்கிறதே என்று ஒருவரை வேறு இடத்தில் நிறுத்தினால் அந்தக் குணம் செயலற்றுப்போகும்.

படி 7: மூன்று பயிற்சி ஆட்டங்கள்

கணினியோடு தாழ்ந்த நிலையில் தொடங்கி மூன்று ஆட்டங்கள் ஆடுங்கள். முதல் ஆட்டத்தில் டேஷ் பொத்தானைத் தொடவே கூடாது. பாஸ் மட்டும் கொண்டு எதிர்ப் பெனால்டி பகுதிவரை செல்ல வேண்டும். இரண்டாவதில் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து ஷாட் அடிக்கக் கூடாது. மூன்றாவதில், நம் பாதிக்குள் பந்து வந்துவிட்டால் பிரஷர் பொத்தானைத் தொடாமல், கர்சரை நடுக்கள வீரரிடமே வைத்து மேட்ச்-அப்பால் மட்டும் தடுக்க வேண்டும். தோல்வியைப் பற்றிக் கவலை வேண்டாம், இவற்றில் கோல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. மூன்றும் கைக்கு வந்த பிறகு நிலையை ஒவ்வொன்றாக உயர்த்தி, கடுமையான நிலையிலும் இரண்டு கோல்களுக்கு மேல் வாங்காமல் ஆட முடிகிறபோது இணையத்துக்குச் செல்லுங்கள்.

அங்கே கோல் வாங்கும்போது மறுகாட்சியைத் தாண்டிவிடாதீர்கள். பந்து போகும் பாதையைவிட, அது புகுந்த வெற்றிடம் நம் அணியில் யாருடைய இடம் என்பதையும், அவரை அங்கிருந்து கிளப்பியது கணினியா நம் கட்டைவிரலா என்பதையும் பாருங்கள்.