கொழும்பின் ஈரத்தில் கௌபோய் சப்பாத்து: பராமரிப்பில் நேரும் தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பின்னர், டெக்சாசிலிருந்து கான்சாசின் ரயில் நிலையங்களுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களின் தேவைக்கேற்ப உருப்பெற்றதே கௌபோய் சப்பாத்து. புழுதியையும் வெயிலையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அதன் பராமரிப்புக் குறிப்புகள், தோல் வறண்டு வெடிப்பதையே பெரிய ஆபத்தாகக் கருதுகின்றன. கொழும்பிலோ தோல் வறள்வதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை உணராமல் அக்குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அவற்றுள் முதலாவது, அளவுக்கு மீறி எண்ணெய் பூசுவது. தோலைப் பதனிடும்போதே அதன் நார்களுக்கிடையே எண்ணெய் ஏற்றப்பட்டுவிடுகிறது; அதன்மேல் நாம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் நிறம் கறுத்து, தோல் தளர்ந்து, பூஞ்சணத்துக்கும் உணவு கிடைக்கிறது. இந்த வகைச் சப்பாத்துக்கு நாடா இல்லை. புறங்காலைச் சுற்றியுள்ள தோலின் விறைப்பு ஒன்றே காலைப் பிடித்து வைத்திருக்கிறது. அது தளர்ந்தபின் இறுக்கிக் கட்ட வழியில்லை. என்னுடைய முதற்சோடியை இவ்வாறுதான் கெடுத்தேன்: பார்ப்பதற்குப் பளபளத்தது, நடக்கும்போது குதிகால் சப்பாத்திலிருந்து கழன்றது. தோலுக்கென விற்கப்படும் களிம்பையும், மடிப்புகள் வெளிறிச் சொரசொரப்பாகத் தெரியும்போது மட்டும், மெல்லிய பூச்சாக இட்டால் போதும்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் நனைந்த சப்பாத்தை அடுப்பருகிலோ, மொட்டை மாடி வெயிலிலோ, தலைமுடி உலர்த்தும் கருவியாலோ காயவைப்பது இதைவிடக் கேடானது. காய்ந்த தோல் தாங்கக்கூடிய வெப்பத்தை ஈரத்தோல் தாங்காது. அதன் நார்கள் சுருங்கி இறுகிவிட்டால் எந்தக் களிம்பும் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றி, உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டித் திணித்து, அது ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றி, தோல் அடிப்பாகத்திலும் காற்றுப் படும்படி சப்பாத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, சற்றுத் தள்ளி மின்விசிறியைச் சுழலவிடுவதே சரியான முறை. நிற்கவைத்தால் தரையோடு ஒட்டிய அடித்தோல் காயாது. இரண்டு நாள் பிடிக்கும். அவசரத்துக்கு வேறு சப்பாத்தைப் போட்டுக்கொள்வதுதான் வழி.

பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டிவைப்பது பாதுகாப்புப் போலத் தோன்றினாலும், அது ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் வேலையையே செய்கிறது. பூஞ்சணம் படர்ந்துவிட்டால் அறைக்குள் தட்டித் துடைக்கக் கூடாது. தூள் பறந்து மற்றத் துணிகளிலும் படியும். வெளியே கொண்டுபோய், முகக்கவசத்துடன் உலர்ந்த பிரஷால் நீக்கிய பிறகு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சம அளவு தண்ணீர் கலந்து, மறைவான ஓரிடத்தில் நிறம் கழல்கிறதா எனப் பார்த்துவிட்டு, உட்புறமும் சேர்த்துத் துடைக்க வேண்டும். அலுமாரித் தட்டைத் துடைக்காமல் விட்டால் சில கிழமைகளில் அதே வெண்படலம் திரும்பும். பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஈரத்தால் நிறைந்தபின் பயன்படாது.

சலவைத் தூள் கரைசலில் கழுவுவதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை: தோல் இலேசான அமிலத் தன்மையுடையது, சவர்க்காரம் காரமானது. தூசியைத் தட்டாமல் பொலிஷ் போட்டால் மணல் துகள்களே தோலைக் கீறும். மேற்பரப்பு மென்மயிர் போலிருக்கும் சுவெட் தோலுக்குப் பொலிஷே ஆகாது. பாம்புத் தோலைச் செதில்கள் படிந்திருக்கும் திசையிலேயே துடைக்க வேண்டும்.

கலியாண வீட்டுக்கென்று ஆண்டுக் கணக்கில் எடுத்துவைப்பதும் தவறுதான். பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையாலான அடிப்பாகமுள்ள சப்பாத்து, அணியப்படாமலேயே காற்றிலுள்ள ஈரத்தால் சிதைந்து, வெளியே எடுத்த அன்று வாசலிலேயே துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். தைத்த தோல் அடிப்பாகமாயின், தேய்ந்தபின் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.