பல்சார் துடிப்பதில்லை

பல்சார் என்ற விண்மீனைப் பற்றித் தவறான எண்ணங்கள் பல உலவுகின்றன. முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. 'துடிப்பு விண்மீன்' என்றதும் இதயம் மாதிரி விரிந்து சுருங்கும் ஒன்றைத்தான் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். பல்சார் துடிப்பதில்லை, சுழல்கிறது. பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் நியூட்ரான் விண்மீன் அது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலத்துக்குள் சூரியனைவிட அதிக நிறையை அடைத்து வைத்திருக்கும். அதன் காந்த முனைகளிலிருந்து கிளம்பும் ரேடியோ கற்றை, கலங்கரை விளக்கின் ஒளிபோல வானத்தைச் சுற்றி வருகிறது. நம் பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு துடிப்பு பதிவாகும்.

இப்படித் தவறாக நினைத்ததற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்த முதல் கட்டுரையே, விண்மீனின் அதிர்வாக இருக்கலாம் என்றுதான் ஊகித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவுக்குள் நொடிக்கு 30 முறை துடிக்கும் பல்சார் அகப்பட்டது. சூரியன் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் வெள்ளைக் குள்ள விண்மீன் அந்த வேகத்தில் சுழன்றால் சிதறிவிடும். சுழலும் நியூட்ரான் விண்மீன்தான் என்பது அதோடு உறுதியானது.

அடுத்து, முதல் பல்சார் 'தற்செயலாகக் கிடைத்தது' என்ற பேச்சு. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வயல்வெளியில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, அதைக் கண்டுபிடித்த ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியவர்களில் ஒருவர். குவேசார்களை, அதாவது மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களை, தேடத்தான் கட்டினார்கள், உண்மை. ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வந்துகொண்டிருந்த வரைபடத் தாளைக் கண்ணாலேயே அலசி, அதில் கால் அங்குலக் கிறுக்கல் ஒன்றை 1967 ஆகஸ்டில் கவனித்தவர் அவர். பூமியிலிருந்து வரும் இடைஞ்சல் என்று ஒதுக்கியிருக்கலாம். அது நம் கடிகார நேரத்தை அல்ல, விண்மீன்கள் உதிக்கும் நேரக்கணக்கை ஒட்டியே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து விடாமல் பின்தொடர்ந்தார். நவம்பர் இறுதியில் தாளை வேகமாக ஓடவிட்டபோது, 1.337 நொடிக்கு ஒரு துடிப்பு!

சரி, அந்தத் துடிப்பை வேற்றுக்கிரகவாசிகள் அனுப்பியதாக நினைத்தார்கள் என்ற கதை? 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்பது அந்தச் சமிக்ஞைக்குக் குழுவினர் பாதி வேடிக்கையாக வைத்த பெயர். டிசம்பரில் வானத்தின் வேறொரு பகுதியில் இன்னொன்றை பெல் கண்டதும் அந்தப் பேச்சு ஓய்ந்தது. நோபல் பரிசு பெல்லுக்குக் கிடைத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். 1974-இல் அதைப் பெற்றவர்கள் அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷும் மார்ட்டின் ரைலும்தான்.

பல்சார் மூலம் ஈர்ப்பலையை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வை, நேரடியாகப் பிடித்தார்கள் என்ற குழப்பமும் உண்டு. வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் 1974-இல் கண்டது, 7.75 மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் ஒன்றான பல்சார். அந்தச் சுற்றுப்பாதை ஐன்ஸ்டீனின் கணக்குப்படியே சுருங்கிவந்தது. ஆற்றலை ஈர்ப்பலைகள் கொண்டுபோகின்றன என்பதற்கு அது மறைமுகச் சான்று. அலையையே நேரடியாகப் பிடித்தது 2015-இல், அமெரிக்காவின் லிகோ ஈர்ப்பலை உணர்கருவிகளில்.

'பிசகாத கடிகாரம்' என்பதும் மிகை. எல்லாப் பல்சாரும் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. வேலா பல்சார் போன்றவை சில சமயம் திடீரென வேகம் கூடவும் செய்யும்.

அப்புறம், இணையத்தில் சுற்றும் 'பல்சாரின் சத்தம்'. அது ரேடியோ சமிக்ஞையை நாம் ஒலியாக மாற்றியது. அங்கே எதுவும் ஒலிக்கவில்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். நொடிக்கு 11 முறை வரும் வேலா 'டகடக'வென்று தட்டும். 600 முறைக்கு மேல் சுழல்பவை தட்டாது, ஒரே ஸ்வரமாக ரீங்கரிக்கும்.