ஏற்காட்டு ‘ஏ’

சேலம் கடைவீதியில் நோட்டு வாங்கப் போனோம். பெயர்ப்பலகையின் ஆங்கில ‘ஸ்டேஷனரி’யில் ‘ஈ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ எழுதியிருந்தார்கள்; ‘ஏ’ போட்டால் ‘அசையாத’ என்று பொருள். “அசையாத கடை, அப்பா!” என்று சிரித்தாள் மகள்.

அதுவும் ஒருவகையில் சரிதான். இடைக்கால இங்கிலாந்தில், சுமந்து திரிந்து விற்றவர்களுக்கு நடுவே நிலையாகக் கடை போட்ட புத்தக வியாபாரிக்குத்தான் ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். அவர் விற்ற காகிதமும் பேனாவும் பிறகு ‘ஸ்டேஷனரி’ ஆயின. ‘ஈ’ போட்ட சொல், ‘ஏ’ போட்ட சொல் இரண்டுக்கும் ‘நிற்றல்’ என்ற லத்தீன் வேர்தான் தாய். நம் ரயில் ஸ்டேஷனும் அதே வீட்டுப் பிள்ளை.

எழுதும்போது குழம்பினால் என்வலப்பை நினையுங்கள். அதன் முதல் எழுத்து ‘ஈ’, கிடைப்பது காகிதக் கடையில். ‘ஏ’ என்றால் ஏற்காடு: 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் லாரி பழுதாகிவிட, பின்னால் அசையாமல் நிற்கும் நம் பஸ்.