டிராயிங் முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

புதுப் பொருள் ஒன்றை உருவாக்கும்போது நாள் இழுப்பது பெரும்பாலும் வேலையால் இல்லை, தகவல் அடுத்தவர் கைக்குப் போகாமல் ஒருவர் மேஜையிலேயே கிடப்பதால்தான். 1980களில் ஜப்பான் கார் கம்பெனிகளில் பாடி டிசைன் முடிவதற்கு முன்பே டை (தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஸ்டீல் அச்சு) செய்பவர்கள் தோராய அளவை வாங்கி, ஸ்டீலை ஆர்டர் செய்து ரஃப் கட்டிங்கையும் ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி அளவு வந்ததும் ஃபினிஷிங் மட்டும்தான் பாக்கி. நீங்களும் டிராயிங்கைப் பாதியிலேயே அனுப்புங்கள். ஆனால் எந்த அளவு இனி மாறாது, எது மாறலாம், மாறினால் எதுவரை (பாகத்தின் சுவர் தடிமன் 2 முதல் 2.5 மி.மீ.க்குள் என்பதுபோல), எந்தத் தேதியில் முடிவாகும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் வெட்டிய ஸ்டீல் வீண். அப்புறம், ஏதாவது மாறினால் வாரக் கூட்டம் வரை வைத்திருக்காமல் அன்றைக்கே டூல் ரூமுக்கு (அச்சு செய்யும் இடம்) போன் போட்டுச் சொல்லுங்கள்.