எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்ல "பிஏஹெச்"னு போட்டிருக்கா? பதறாம இத படிங்க

பிஏஹெச்னா நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் அதிகம்னு அர்த்தம். கையில பட்டை கட்டி பாக்குற பிபி வேற, இது வேற. கையில 120/80னு அழகா இருக்கும், ஆனா இதயத்தோட வலது பக்கத்துல இருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல பிரஷர் ஏறி கிடக்கும், அத அந்த மெஷின் காட்டவே காட்டாது. அங்க சராசரி 14 கிட்ட இருக்கறது நார்மல், 20ஐ தாண்டினா அதிகம் (முன்ன 25னு வெச்சிருந்தாங்க, 2018ல நிபுணர்கள் கூடி கொறைச்சாங்க).

ரிப்போர்ட்ல ஆர்விஎஸ்பி (இதயத்தோட வலது கீழறை சுருங்கும்போது வர்ற பிரஷர்) 45னு பாத்துட்டு "ஐயோ டபுளுக்கு மேல"னு அலறாதீங்க. 20ங்கறது சராசரி, ஆர்விஎஸ்பி 120/80ல 120 மாதிரி மேல் அளவு, ரெண்டையும் ஒப்பிடவே கூடாது. அதுவும் நேரா அளந்தது இல்ல, வால்வுல பின்னால கசியுற ரத்தத்தோட வேகத்த வெச்சு போட்ட கணக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். உறுதியா தெரியணும்னா கழுத்துலயோ தொடையிலயோ இருக்குற ரத்தக்குழாய் வழியா ட்யூப் விட்டு பாக்கணும், அதுக்கு பேரு ரைட் ஹார்ட் கேத். எல்லாருக்கும் அது தேவைப்படாது.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய முக்கியமான கேள்வி "எவ்ளோ?" இல்ல, "எதனால?". நம்ம ஊர் எக்கோ ரிப்போர்ட்ல எல்லாத்துக்கும் பிஏஹெச்னே எழுதிடுறாங்க, காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ரொம்ப சகஜமானது இதயத்தோட இடது பக்க கோளாறு, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல மைட்ரல் வால்வு சுருங்கினவங்களும் இதுல சேத்தி. அடுத்து நுரையீரல் நோய், பீடி சிகரெட்டு, வருஷக்கணக்கா விறகடுப்பு புகை. சிலருக்கு பொறக்கும்போதே இதயத்துல ஓட்டை. இன்னொன்னு, நுரையீரல் குழாய்ல கரையாம தங்கிப்போன ரத்தக்கட்டி. இது இருக்கான்னு பாக்க விக்யூ ஸ்கேன் (நுரையீரல்ல காத்தும் ரத்தமும் எங்கெங்க போகுதுன்னு காட்டுறது) எடுத்தீங்களான்னு கூச்சப்படாம கேளுங்க, ஏன்னா இதுல பலருக்கு ஆபரேஷன் பண்ணி கட்டிய எடுத்துடலாம், இத கண்டுபிடிக்காம விட்டா நஷ்டம் நமக்குத்தான். எந்த காரணமும் இல்லாம குழாயே தடிச்சுப் போறது அபூர்வம்.

காரணம் தெரியாம மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. சில்டெனாஃபில் (வயாகராவுல இருக்குற மருந்து) எழுதினா மெடிக்கல்ல ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டு போகட்டும், இந்த நோய்க்கும் அது ஒரு மருந்துதான். ஆனா இடது பக்க கோளாறால வந்ததுக்கு அது பொதுவா சரிப்படாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில சார்பிட்ரேட் வெக்கிறவங்க அதோட சில்டெனாஃபிலயும் சேத்து எடுத்தா பிபி படுபாதாளத்துக்கு போயிடும், கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. இதே நோய்க்கு குடுக்குற இன்னொரு மருந்தான போசென்டான் சாப்பிடுற பொண்ணுங்க கர்ப்பம் ஆகக்கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம், மருந்தே இல்லேன்னாலும் இந்த நோயோட கர்ப்பம் அம்மாவுக்கு ஆபத்து.

மாடி ஏறினா மூச்சு வாங்குறது, கால் வீக்கம் இதெல்லாம் மெதுவா கூடும், வயசாயிடுச்சு வெயிட் போட்டுடுச்சுன்னு நாமளே சமாதானம் சொல்லிக்குவோம். வேலை செய்யும்போது மயங்கி விழுந்தா மட்டும் அடுத்த அப்பாயின்மெண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.